மூன்று அள்ளு மண்

லூடீ மெஸ்ஸரின் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். டன்பார் சட்டைக் கம்பெனியில் காலர் பிரிவில் அவளோடு வேலை பார்த்த பெண்கள் இதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஊசிகளை மேசையில் இருக்கும் பஞ்சுத் திண்டில் குத்தி வைப்பார்கள். அவள் உதட்டுக்கு நடுவில் வரிசையாக வைத்துக்கொள்வாள். அவளிடம் ஏதாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முதலில் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அதற்குள் கேட்டவளுக்கே அலுத்துப் போகும். லூடீக்கு அது வசதியாக இருந்தது.

வாய் மூடியிருந்தாலும் தொண்டை சும்மா இருக்காது. முனகிக்கொண்டே தைப்பாள். உதட்டிலிருக்கும் ஊசிகள் அதில் அதிர்ந்து, முனகலோடு ஒரு கரகரப்பும் சேர்ந்துகொள்ளும். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

"லூடீ, உன் மோட்டாருக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுடீ" என்பாள் எதிர் மெஷினில் இருக்கும் ஐவா டீன். எல்லோரும் சிரிப்பார்கள். லூடீயும் ஊசி விழாமல் சிரிப்பாள்.

ஐவா டீனுக்கு அது என்ன முனகல் என்று தெரியும். இருவரும் ஒரே சபை. கரோலினாவின் அந்தப் பக்கத்துப் பஞ்சாலை ஊர்களில் பரிசுத்த சபைக்காரர்கள் கண்டிப்பானவர்கள். நடனம் கிடையாது, சினிமா கிடையாது, பெண்கள் முடி வெட்டக்கூடாது. மீறினால் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நிறுத்திச் சபையை விட்டு நீக்குவார்கள். ஆனால் யாராவது செத்துப்போனால் வெளியாளைக் கூப்பிட மாட்டார்கள். குழி வெட்டுவதும் மூடுவதும் சபை ஆண்கள்தான். மூடும்போது ஒருவர் மூன்று அள்ளு மண் போட்டு, மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் மூன்று. பிறகு அடுத்தவர். துக்கத்தில் எல்லோருக்கும் பங்கு வேண்டும் என்று அப்படி ஒரு வழக்கம். அந்த நேரத்தில் பெண்கள் சுற்றி நின்று வாயைத் திறக்காமல் முனகுவார்கள். வார்த்தை இருக்கக்கூடாது. வார்த்தையெல்லாம் பாஸ்டர் சொல்லி முடித்துவிட்டார் என்று கணக்கு.

லூடீயின் ஒரே பிள்ளை ரூபி நெல் கக்குவான் இருமலில் போனபோது அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அவளைக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில், வேலியை ஒட்டிப் புதைத்தார்கள். அன்று முனகல் ஆரம்பிக்க எந்தப் பெண்ணுக்கும் மனசு வரவில்லை. மண் மட்டும் விழுந்தது. தொம், தொம், தொம். மண்வெட்டி கைமாறும்போது ஒரு அமைதி. மறுபடி தொம், தொம், தொம். லூடீயின் தொண்டையிலிருந்து ஏதோ வெளியே வந்தது. மண் விழும்போது அதோடு இறங்கி, அமைதி வரும்போது அடியில் நின்று உறுமியது. தனக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்று அவளுக்கே அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு சபையில் எந்தச் சாவு விழுந்தாலும் முனகலை எடுத்துக் கொடுக்க லூடீயைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். மண்ணோடு அது அவ்வளவு சரியாகப் போய்ப் பொருந்தியது. அவள் புருஷன் வேலை தேடி டெட்ராய்ட் போனவன், போனவன்தான். லூடீக்கு வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் நிச்சயமாக இருந்தது. ரூபி நெல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறது. வேலிக்குள்ளே சபையாருக்கு மட்டும்தான் குழி. சபையில் இருக்கும்வரை அந்த இடம் அவளுடையது.

அவள் தம்பி ஹாய்ட்டுக்கு இதெல்லாம் தெரியாது. ரூபி நெல் போனபோது அவன் கொரியாவில் சண்டையில் இருந்தான். திரும்பி வந்து, மில் லைன் வீட்டில் அக்காவோடு தங்கி, சனிக்கிழமை நடனங்களில் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தான். சபை அவனை உடனே நீக்கிவிட்டது. அவன் அதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடவில்லை.

1958 வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சபைக்குப் போகும் முன் பாவாடை ஓரத்தை மடித்துக் குத்த லூடீ ஊசி டப்பாவைத் தேடினாள். டப்பா காலியாக இருந்தது. கூடத்தில் ஹாய்ட் கிட்டாரை மாட்டி வாசிக்கும் ஆம்ப் பெட்டி கிடந்தது. முன்பக்கத் துணி கிழிந்து தொங்கியது. உள்ளே பார்த்தவள் அப்படியே குந்திவிட்டாள். ஸ்பீக்கரின் கறுப்புத் தாள் முழுக்க அவளுடைய குண்டூசிகள் வட்டம் வட்டமாகக் குத்தியிருந்தன.

"டேய் ஹாய்ட்! எந்திரிடா! என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

ஹாய்ட் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "கத்தாதே அக்கா. வேணும்னுதான் குத்தினேன். கிட்டாரு ரொம்ப சுத்தமாப் பேசுது. உன் தொண்டை மாதிரி கரகரன்னு வரமாட்டேங்குது."

"என் தொண்டையா?"

"ஊசிய வாயில வெச்சுக்கிட்டு முனகுவியே. அந்தக் கரகரப்புதான் வேணும். ஸ்பீக்கர் வாயிலயும் ஊசிய வெச்சுப் பாத்தேன், அச்சு அசலா வந்துருச்சு!" அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "நேத்து தீயணைப்பு ஹால்ல நடனம். பசங்க ரெண்டு வரிசையா நின்னு மெதுவா நடந்து ஆடுற ஆட்டத்துக்குப் பாட்டு வேணும்னாங்க. எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. முழிச்சேன். அப்புறம் நீ முனகுறதை எடுத்து விட்டேன் பாரு. மூணு தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் கீழ ஒரு உறுமல். ஹாலே அப்படியே நின்னுபோச்சு அக்கா. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. கடைசித் தடவை அடிதடியே ஆயிருச்சு."

லூடீ அவன் பக்கம் திரும்பினாள். "எதை வாசிச்சேன்னு சொன்னே?"

"நீ முனகுறதைத்தான். ஏன், யாரோட பாட்டு அது?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். வாயில் ஊசி ஒன்றும் இல்லை, இருந்தும் வார்த்தை வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து ஒரே ஒரு ஊசியைப் பிடுங்கி, பாவாடையில் குத்திக்கொண்டு சபைக்குப் போனாள்.

ஒரு ஹாலோடு போய்விடும் என்று நினைத்தாள். அப்படிப் போகவில்லை. வடக்கேயிருந்து இசைத்தட்டு பதிவு செய்து விற்கிற ஆள் ஒருவன் வந்து ஹாய்ட்டைக் கூட்டிக்கொண்டு போனான். கோடை ஆரம்பத்தில் கம்பெனி ரேடியோவில் அது வந்தது.

லூடீ காலர் முனையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முதலில் முரசு விழுந்தது. தொம், தொம், தொம். அமைதி. பிறகு கிட்டார் உறுமியது. லூடீ தைத்துக்கொண்டே முனகினாள். முனகுகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கிட்டார் இறங்கும் முன்பே இறங்கினாள், ஏறும் முன்பே ஏறினாள். சுற்றிலும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றபோதுதான் தலையைத் தூக்கினாள். ஒரு வரிசைப் பெண்கள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது புதுப் பாட்டுன்னு இப்பத்தானே சொன்னான்" என்றாள் ஒருத்தி. "இவளுக்கு எப்படித் தெரியும்?"

ஐவா டீன் மட்டும் வெளிறிப்போய் இருந்தாள். எழுந்து வந்து லூடீயின் காதருகில் குனிந்தாள். "அடியே, இது ரூபி நெல்லுது இல்ல?"

லூடீயின் உதட்டிலிருந்து ஊசிகள் எல்லாம் ஒரேயடியாக மடியில் கொட்டின.

அந்த இசைத்தட்டுக்குக் 'கத்திமுனை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹாய்ட்டைக் கேட்காமலே வைத்தது. வாசித்தவன் என்று அவன் பெயர், ஆக்கியவன் என்றும் அவன் பெயர். நடனம் நடக்கும் ஊர்களிலெல்லாம் அந்தத் தட்டு சுற்றும்போது பையன்கள் அடித்துக்கொண்டார்கள். பிறகு சில ரேடியோ நிலையங்கள் அதைத் தடை செய்தன.

ஹாய்ட் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "ஒரு வார்த்தை கிடையாது அக்கா அதுல! கெட்ட வார்த்தை பாடினா தடை பண்ணலாம். வார்த்தையே இல்லாததை எதுக்குத் தடை பண்ணுறான்? உறுமினதுக்கா?"

லூடீ சிரிக்கவில்லை. சோள ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அது ரூபியைப் புதைக்கையில நான் முனகினதுடா" என்றாள்.

ஹாய்ட்டின் கை ரொட்டியோடு அந்தரத்தில் நின்றது. "ஏன் அக்கா சொல்லல?" என்றான் கடைசியில். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எடுக்கறதுக்கு முன்னால நீ கேக்கலையேடா. ஊசியத்தான் எடுத்துக்கிட்டே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைஸ்மோர் பாஸ்டர் அந்த இசைத்தட்டை வைத்தே பிரசங்கம் செய்தார். கேட்காத தட்டை. ரேடியோ கேட்பது பாவம் என்பதால் அவர் பத்திரிகையில் படித்ததோடு சரி. நல்ல உயரமான மனிதர். கோபம் வந்தால் கழுத்து டையைத் தளர்த்திக்கொள்வார். அன்று அதைக் கழற்றியே விட்டார்.

"வார்த்தை இல்லாத பாட்டாம்! ஆதியிலே வார்த்தை இருந்ததுன்னு வேதம் சொல்லுது. வார்த்தையைப் பிடுங்கிட்டா மிச்சம் என்ன? மிருகத்தோட உறுமல்! இதுக்குக் காலாட்டுனவன், கையாட்டுனவன், இதுக்கு உதவினவன், யாரா இருந்தாலும் இந்தச் சபையில இடம் கிடையாது. ஆமென்?"

"ஆமென்!" என்றது சபை. ஐவா டீனும் சொன்னாள், கண்ணை மட்டும் லூடீ பக்கம் வைத்துக்கொண்டு. லூடீ மடியில் இருந்த கையுறையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இதே மனிதர்கள் எத்தனை குழியோரத்தில் இதே உறுமலுக்கு அழுதிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் பாஸ்டரின் தாயார் இறந்துபோனார். அந்த அம்மாவை ஊரே 'அம்மா சைஸ்மோர்' என்றுதான் கூப்பிடும். வீடு முழுக்கக் கோழிக்கறித் தட்டும் அவரைக்காய்த் தட்டுமாக வந்து குவிந்தன. லூடீயும் ஒரு தட்டுக் கொண்டுபோனாள். பாஸ்டர் அடுக்களை வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"சிஸ்டர் லூடீ, நாளைக்கு நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும். அம்மா உயிரோட இருக்கும்போதே கேட்டுக்கிட்டாங்க. 'அந்த மெஸ்ஸர் பொண்ணு முனகினா எனக்குப் பயமா இருக்காதுடா'ன்னாங்க."

லூடீ தட்டை நீட்டியபடியே நின்றாள். வாங்கிக்கொள்ளக்கூட மறந்து அவரும் நின்றார்.

"சரி பாஸ்டர்" என்றாள்.

வெளியே ஐவா டீன் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமா உனக்கு? இளசுங்க எல்லாம் வருவாங்கடீ. ஒருத்தன் விடாம அந்தத் தட்டைத் திருட்டுத்தனமா கேட்டிருக்கானுங்க. காய்ச்சல்னு படுத்துக்கோ. வேற ஏதாவது ஒண்ணை நான் முனகிக்கிறேன்."

"அந்தம்மா கேட்டிருக்காங்க."

"அந்தம்மா செத்துட்டாங்க லூடீ. உனக்கு அந்த மூலை வேணுமா வேண்டாமா?"

லூடீ கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. பைன் மரத்து வாசனையும் புது மண் வாசனையும் கலந்து வந்தன. பாஸ்டர்தான் மண்வெட்டியை முதலில் எடுத்தார். தொம், தொம், தொம். சபை நிர்வாகத்தில் இருக்கும் டீக்கன் கேடலிடம் கொடுத்தார். அந்த அமைதியில் லூடீ கண்ணை மூடினாள். வேறு ஏதாவது வரட்டும் என்றுதான் தொண்டையைத் திறந்தாள். ஆனால் மண் விழுந்ததும் அதுதான் வந்தது. பெண்கள் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள்.

கேடல் முடித்து மண்வெட்டியைத் தன் மகனிடம் கொடுத்தார். கல்யாணமான பிள்ளை, லாரி ஓட்டுகிறவன். அவன் ஒரு அள்ளு போட்டான். இரண்டாவதைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். மண் அதிலிருந்து பொலபொலவென்று அவன் ஷூவிலேயே கொட்டியது. வேலியோரம் நின்ற இளவட்டங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். யாரோ, "கடவுளே, அதுதான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்கள்.

லூடீ நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த அம்மா பாதிக் குழியில் கிடப்பார். பாஸ்டர் ஒன்றும் புரியாமல் தாயாருக்காக அழுதுகொண்டிருந்தார்.

மகனை விசாரித்துவிட்டு, அவருக்குப் புரிய வைக்க அன்று சாயங்காலமே கேடல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் லூடீயை முன்னால் வரச் சொன்னார். அவர் முகம் பார்க்க முடியாதபடி இருந்தது. பிரசங்கம் செய்கிற குரலை எங்கோ தொலைத்துவிட்டதுபோல் பேசினார்.

"சிஸ்டர், அந்தத் தட்டுல இருக்கறது நீங்க முனகுறதுதானா?"

லூடீ தலையசைத்தாள்.

கேடல் எழுந்தார். "ஒரு வழி இருக்கு பாஸ்டர். தம்பிக்காரன் திருடிட்டான்னு சொல்லட்டும். அந்த ராகம் சாத்தானோடது, இனிமே வாயில எடுக்க மாட்டேன்னு சபைக்கு முன்னால சொல்லட்டும். நாம மன்னிச்சு விட்டுரலாம். பாவம், ஒண்டிப் பொம்பள."

எல்லோரும் ஆமோதித்தார்கள். அது நல்ல வழியாகத்தான் இருந்தது. பாஸ்டரும் அவளை ஏறக்குறையக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். "சொல்லிருங்க சிஸ்டர்."

ஒவ்வொருவரும் எழுந்து தன் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நேரத்தில்கூட ஒரு நாளும் வாய் திறக்காதவள் லூடீ. சபைக்கு அவள் பேச்சுக் குரல் எப்படி இருக்கும் என்றே சரியாகத் தெரியாது. அவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

"ஹாய்ட் கேக்காம எடுத்தான். அது நெசம். அவனை வீட்டுல வெச்சு நான் திட்டிக்கிறேன்" என்றாள். "ஆனா அது சாத்தானோடது இல்ல. நீங்க என் பிள்ளை மேல மண்ணு போட்ட சத்தம் அது. பிரதர் கேடல், அதுல மூணு அள்ளு உங்களுது. அது சாத்தானோடதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

கேடல் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லலைன்னா நீக்கணுமே சிஸ்டர்" என்றார் பாஸ்டர் மெதுவாக. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நானே சொன்னது."

"நீக்குங்க. ஆனா என் பிள்ளையக் குடுத்திருங்க."

"என்னது?"

"நான் வெளியன்னா அவளும் வெளிய. நாளைக்கு மண்வெட்டி கொண்டாரேன். நானே தோண்டி எடுத்துக்கறேன். என் வீட்டுப் பின்னால வெச்சுக்கறேன். அவ தனியா உள்ள கிடக்க வேண்டாம்."

ஒரு விசிறிகூட அசையவில்லை. பின் வரிசையில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். பேசியது தான்தான் என்பதை லூடீயாலேயே நம்ப முடியவில்லை. யாரும் எதுவும் சொல்வதற்குள் நடு வழியாக நடந்து வெளியே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் சபை கையைத் தூக்கி அவளை நீக்கியது. கைகள் மெதுவாகத்தான் எழுந்தன என்று பிறகு ஐவா டீன் சொன்னாள். தன் கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் லூடீ வேலைக்குப் போகவில்லை. ஹாய்ட் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வருவேன் என்று அடம்பிடித்தான். "நான் தோண்டறேன் அக்கா. நீ பாக்க வேண்டாம்" என்றான்.

"நீ உள்ள வரக்கூடாதுடா. உன்னை நீக்கியாச்சு."

"உன்னையும்தான் நீக்கியாச்சு."

இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு முன்பே மண் வெட்டும் சத்தம் கேட்டது. தன்னைக் கேட்காமல் பிள்ளையை எடுக்கிறார்கள் என்று ஓடினாள்.

பாஸ்டர் சைஸ்மோர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தனியாக நின்று குழி தோண்டிக்கொண்டிருந்தார். ரூபி நெல்லின் குழி இல்லை. வேலிக் கம்பத்துக்கான குழி. மூலைக் கம்பத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தார். முள்கம்பி சுருண்டு கிடந்தது. ரூபி நெல்லுக்கு உட்பக்கமாக, அவளையும் பக்கத்துக் காலி இடத்தையும் வெளியே விட்டு, குறுக்கே ஒரு கோடு கிழித்து அதில் வரிசையாகக் குழி எடுத்துக்கொண்டு போனார்.

ஹாய்ட்தான் கேட்டான். "என்ன பாஸ்டர் பண்றீங்க?"

அவர் ஹாய்ட்டைப் பார்க்கவில்லை. நீக்கப்பட்டவனோடு பாஸ்டர் பேசக்கூடாது. நியாயமாகப் பார்த்தால் லூடீயோடும்தான். வேலிக் கம்பத்தைப் பார்த்துப் பேசினார்.

"வேலிக்கு உள்ள சபையாருக்கு மட்டும்தான் குழி. அது எங்க அப்பா காலத்துச் சட்டம். அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேலியை எங்க போடணும்னு யாரும் சொல்லி வெக்கல."

பிறகு கம்பத்தைக் குழிக்குள் இறக்கினார். ஒற்றை ஆளாக அதை நேராகப் பிடிக்கவும் மண் தள்ளவும் முடியவில்லை. சாய்ந்து சாய்ந்து போனது. லூடீ கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டுப் போய்க் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மத்தியானம் வரை வேலை செய்தார்கள். ஹாய்ட் கம்பியை இழுத்துக் கட்டினான். கிட்டார்க் கம்பியை முறுக்குகிற மாதிரி முறுக்குகிறான் என்று லூடீ நினைத்தாள்.

கேடலும் மற்றவர்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து வேலியைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வேலி இன்றும் அந்த மூலையில் குறுக்கே வெட்டித்தான் போகிறது. ஹாய்ட் இறந்துவிட்டான். தட்டில் அவன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சபையில் சாவு விழுந்தால் பெண்கள் இப்போதும் அதையே முனகுகிறார்கள், வேறொன்று அவர்களுக்குத் தெரியாது. லூடீ வேலிக்கு வெளியே, ரூபி நெல்லுக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கிறாள். அவளுக்கென்று விட்ட அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.